24 மீட்டரில் உலர்ந்திருந்த உறை 2 மீட்டரில் நனைந்தது ஏன்?

கேள்வி, 11 ஜனவரி 2024

டிசம்பர் இறுதியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குச் சென்றிருந்தேன். என்னிடம் இருப்பது கைக்கடக்கமான கேமரா. கடலடியில் படமெடுக்க அதை உள்ளே வைத்து மூடும் பாலிகார்பனேட் உறை 40 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. முதல் நாள் 24 மீட்டர் வரை கொண்டுபோனேன்; ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. மறுநாள் காலை படகிலேயே பேட்டரியை மாற்றிக்கொண்டு இறங்கினேன். 2 மீட்டர் போவதற்குள் உறையின் அடியில் நீர் தளும்பியது. கேமரா அங்கேயே முடிந்தது. முதல் நாள் அழுத்தத்தில் ரப்பர் வளையம் சோர்ந்துபோயிருக்க வேண்டும் என்பது என் முடிவு. இனி ஒவ்வொரு முறையும் கிரீஸைத் தடிமனாகப் பூசினால் போதும் அல்லவா?

12 ஜனவரி, காலை

இரண்டும் தவறு. ரப்பர் ஒரே நாளில் சோர்ந்துபோவதில்லை. கிரீஸ் நீரைத் தடுப்பதும் இல்லை.

ஓ-ரிங், அதாவது நீங்கள் சொல்லும் ரப்பர் வளையம், காடி எனும் பள்ளத்துக்குள் அமர்ந்து கதவு மூடப்படும்போது அதன் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நசுங்கும்படி காடியின் ஆழம் அமைக்கப்பட்டிருக்கும். நீர்மட்டத்தில் உங்களுக்கு இருக்கும் காவல் அந்த நசுக்கல் ஒன்றுதான். கீழே இறங்க இறங்க வெளியழுத்தம் கதவை உறையின் உடலோடு சேர்த்து மேலும் இறுக்குகிறது. வளையத்தையும் காடியின் உட்சுவர்ப் பக்கம் தள்ளி, நீர் நுழையக்கூடிய இடுக்கில் அதைத் திணிக்கிறது. ஆகவே ஒரு எல்லை வரை ஆழம் ஓ-ரிங்குக்குத் துணையே தவிரப் பகை அன்று. அட்டையில் போட்டிருக்கும் 40 மீட்டர் என்பது சுவரும் கண்ணாடியும் பொத்தான்களின் சுருள்வில்லும் தாங்கும் எல்லையைச் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு 2 மீட்டரில் நிம்மதியாக இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வீட்டில் குக்கர் வளையம் தளர்ந்தால் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போடுகிறோமே, அந்தச் சோர்வு மாதக்கணக்கில் வெந்து நசுங்கியதால் வருவது. உங்கள் வளையமும் ஆறு மாதம் கொண்டி பூட்டியபடியே பெட்டிக்குள் கிடந்தால் தட்டையாகிப் போகும். ஒரு நாள் முக்குளிப்பில் அப்படி ஆகாது.

12 ஜனவரி, இரவு

காலையில் எழுதியதற்கு எண் கொடுக்காமல் விட்டது குறையாகப் படுகிறது. உங்கள் உறையின் பின்கதவு 15 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் இருக்கும் என்று கொள்கிறேன்; பரப்பு 150 சதுர செ.மீ. கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதாவது ஒரு சதுர செ.மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. 24 மீட்டரில் மேலே உள்ள காற்றையும் சேர்த்து 3.4 வளிமண்டலம். ஆகவே உங்கள் கதவை 510 கிலோ எடை அழுத்திக்கொண்டிருந்தது.

பேட்டரியைப் படகில் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். என் ஐயம் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தின்மேல்தான். ஈரத் தலையிலிருந்து விழுந்த ஒரு மயிர், ஒரு மணல், துண்டிலிருந்து உதிர்ந்த ஒரு நூல் ஆகியவற்றில் எது வளையத்தின் குறுக்கே கிடந்தாலும் போதும். மயிரின் இரு பக்கமும் ரப்பர் முழுதாக மூடிக்கொள்ள முடியாமல் நுண்ணிய வாய்க்கால் ஒன்று விட்டுப்போகும்.

13 ஜனவரி

நேற்றைய கணக்கில் பிழை. உறைக்குள்ளும் ஒரு வளிமண்டலக் காற்று இருந்து கதவை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பதை விட்டுவிட்டேன். வித்தியாசம் மட்டுமே கணக்கில் வரும். எனவே 24 மீட்டரில் 2.4 வளிமண்டலம், சுமார் 360 கிலோ. 2 மீட்டரில் 0.2 வளிமண்டலம், 30 கிலோ. வாளித் தண்ணீரில் 30 செ.மீ. ஆழத்தில் நாலரைக் கிலோ.

பிழையைத் திருத்தும்போதுதான் விஷயம் இன்னும் தெளிவாகிறது. 360 கிலோ அழுத்தும்போது சிறு மயிரைக்கூட ரப்பர் விழுங்கிவிட்டு மூடிக்கொள்ளக்கூடும். 30 கிலோவில் அந்தத் திறன் இல்லை. படகின் ஓரத்தில் மிதக்கும்போது அறவே இல்லை. உறைகள் நனைவதில் பெரும்பங்கு படகு ஓரத்திலும், குதிக்கும் கணத்திலும், முதல் சில மீட்டரிலும், கரை திரும்பிய பின் அலசும் தொட்டியிலும் நடப்பதற்குக் காரணம் இதுதான். நான் பார்த்த ஏழெட்டு நிகழ்வுகளில் ஒன்றுகூட 10 மீட்டருக்குக் கீழே தொடங்கியதில்லை.

18 ஜனவரி

பொங்கல் விடுமுறையில் கிரீஸைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். கிரீஸ் பூசுவது ரப்பர் வழுக்கிக்கொண்டு முறுக்கேறாமல் தன் இடத்தில் அமர்வதற்கும், காய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும் மட்டுமே. பட்டாணி அளவு கிரீஸை விரல்நுனிகளுக்கிடையே தேய்த்துப் பரப்பி, வளையத்தை அதனூடே ஒரு முழுச் சுற்று இழுத்தால், ரப்பர் மினுமினுக்க வேண்டும். கிரீஸ் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தடிமனாகப் பூசினால் அது ஈ பிடிக்கும் பசையைப் போல மணலையும் நூலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் காவலுக்கு வைக்க நினைப்பது திருடனுக்குத் திண்ணை போட்டுக் கொடுக்கும்.

விரலை வளையத்தின்மேல் ஓட்டும் அந்த ஒரு சுற்றுக்கு வேறொரு பயனும் உண்டு. கண்ணுக்குத் தப்பிய வெட்டும் மணலும் விரலுக்குத் தப்புவதில்லை. வளையத்தைக் காடியிலிருந்து எடுக்கும்போது ஊசியோ கத்தியோ வேண்டாம்; இரு விரலால் வளையத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால் அதுவே வளைந்து மேலெழும்; வராவிட்டால் பழைய பிளாஸ்டிக் அட்டையின் முனை போதும். எடுத்ததும் வளையத்தை மட்டுமன்றிக் காடியையும், வளையம் போய் அழுந்தும் எதிர்ப்பக்க விளிம்பையும் துடையுங்கள். எதிர்ப்பக்கத்தை மறப்பவர்களே அதிகம். காதுகுடையும் பஞ்சுக்குச்சி வேண்டாம். அதுவே நூல் விடும்.

19 ஜனவரி

எந்த சிலிகோன் கிரீஸும் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரி என்று நேற்றிரவு தட்டச்சு செய்து, நல்லவேளையாக அனுப்பாமல் படுத்தேன். கறுப்பு நைட்ரைல் ரப்பர் வளையத்துக்கு சிலிகோன் கிரீஸ் பொருந்தும். ஆனால் சில உறைகளில் வளையமே சிலிகோன் ரப்பரால் ஆனது. அதில் பொதுவான சிலிகோன் கிரீஸைப் பூசினால் ரப்பர் அதை உறிஞ்சி வீங்கி, காடியில் அடங்காமல் அலை அலையாக நிற்கும். ஆகவே உறையோடு வந்த குப்பியைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். பெட்ரோலியம் ஜெல்லி கூடவே கூடாது.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று என் மாமா கேட்கிறார். அவருக்கு எதற்கும் தேங்காய் எண்ணெய்தான். தலைக்குப் பூசிய கையோடு உறையைத் திறக்காதீர்கள் என்பதே அவருக்கும் உங்களுக்கும் என் பதில்.

27 ஜனவரி

நான் ஏன் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன் என்று கேட்கலாம். 2016 ஆகஸ்டில் திருகோணமலையில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி என் முதல் கேமராவை நான் மூழ்கடித்தேன். வளையம் புதிது, கிரீஸ் சரியாகப் பூசியிருந்தது, மயிர் இல்லை, மணல் இல்லை. உள்ளே ஈரம் உறிஞ்சுவதற்கு நான் போட்டிருந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தின் ஒரு மூலை, கதவை மூடும்போது வளையத்துக்கும் விளிம்புக்கும் இடையே சிக்கிக்கொண்டது. ஈரத்திலிருந்து காப்பதற்கு வைத்த பொட்டலமே கடலை உள்ளே அழைத்து வந்தது. கசப்பான விஷயம் என்னவென்றால், மூடிய பிறகு உறையைச் சுற்றிப் பார்த்திருந்தால் ஒளிபுகும் பின்கதவின் வழியாக அந்த வெள்ளைக் காகித மூலை தெளிவாகத் தெரிந்திருக்கும். முதல் நாள் ஆமையைப் பார்த்தவர்கள் சொன்ன கதையைக் கேட்டபடியே கொண்டியைப் பூட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் உண்டு. உறையை முதல் நாள் இரவே, தனியாக, நல்ல விளக்கொளியில், மேசையில் மூடுவேன். மூடும்போது யாரோடும் பேசமாட்டேன். பொட்டலத்தை இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் உட்சுவரில் ஒட்டிவிடுவேன். மேசைமேல் விரிப்பது பழைய குற்றாலத் துண்டு. பூத்துவாலை நூல் உதிர்க்கும். நன்றாக வெளுத்த குற்றாலத் துண்டு உதிர்க்காது. மூடியபின் கைத்தொலைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து வளையத்தின் முழுச்சுற்றையும் கதவின் வழியே பார்ப்பேன். நசுங்கிய ரப்பர் ஒரே அகலமுள்ள கறுப்புப் பட்டையாக, எங்கும் அறுபடாமல் தெரிய வேண்டும்.

4 பிப்ரவரி

13 ஜனவரியன்று எழுதிய கணக்கிலேயே தீர்வும் இருந்தது. அப்போது நான் கவனிக்கவில்லை. 2 மீட்டரில் உங்கள் உறைமீது இருந்தது 0.2 வளிமண்டல வித்தியாசம். அந்த வித்தியாசத்தை உண்டாக்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. உறைக்குள் இருக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டால், மேசைமேல் இருக்கும்போதே உங்கள் உறை 2 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. சூடான சாம்பாரை ஊற்றி மூடிய தூக்குப்பாத்திரம் ஆறியபின் மூடியைத் திறக்கவிடாமல் படுத்துமே, அதே சங்கதி.

வேக்யூம் வால்வு என்று விற்பதெல்லாம் இதைத்தான் செய்கிறது. உறையில் ஏற்கெனவே உள்ள உபரித் துளையில் ஒருவழி வால்வைத் திருகி, உள்ளழுத்தத்தில் 200 மில்லிபாரை (அதே 0.2 வளிமண்டலம்) குறைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறு மின்சுற்று அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நிலைத்திருந்தால் பச்சை விளக்கு, காற்று திரும்ப நுழைந்தால் சிவப்பு. கசிவு இருப்பதைத் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே காற்று சொல்லிவிடுகிறது. பழைய ஈரக்கசிவு எச்சரிக்கைக் கருவியில் இரு கம்பிமுனைகளுக்கிடையே நீர் வந்து சேர்ந்தால்தான் மணி அடிக்கும். அதற்குள் திருடன் கூடத்துக்கு வந்துவிட்டான்.

இன்னொரு நன்மை: வெற்றிடம் கதவை உள்நோக்கி உறிஞ்சிப் பிடித்திருப்பதால், யாராவது தவறுதலாகக் கொண்டியை நெம்பினாலும் கதவு திறக்காது. ஆனால் எல்லாப் பிளாஸ்டிக் உறையிலும் அதற்கான துளை இருக்காது. நீங்களாகத் துளையிடாதீர்கள்.

5 பிப்ரவரி

ஒரு சிறு ஒட்டு. முதன்முதலில் கேமராவைக் கடலடிக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவரான லூயி பூத்தான் 1893-இல் பிரான்சின் பானியூல்ஸ் கடற்கரையில் பயன்படுத்திய செம்புப் பெட்டியோடு காற்றடைத்த ரப்பர்ப் பந்து ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. ஆழத்தில் பந்து நசுங்கி அதன் காற்று பெட்டிக்குள் போகும். உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகிவிடும். அவர் வித்தியாசத்தை அழிக்கப் பார்த்தார்; நாம் வித்தியாசத்தை முன்கூட்டியே உண்டாக்கிச் சோதிக்கிறோம். இரண்டும் ஒரே கணக்குத்தான். அவர் காலத்தில் ஓ-ரிங் புழக்கத்தில் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

25 பிப்ரவரி

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன், எரிச்சலோடு. விடுதி அறையில் குளிர்சாதனம் 24 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தபோது என் பெரிய உறையை மூடி, காற்றை உறிஞ்சி, பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுத் தூங்கினேன். காலையில் படகின் மேல்தளத்தில் வெயிலில் வைத்திருந்த அரை மணியில் விளக்கு சிவப்பாகிவிட்டது. மற்றவர்கள் குதித்தார்கள், நான் கேமரா இல்லாமல் இறங்கினேன். அன்றைக்கென்று ஒரு பெரிய கொடுவாக் கூட்டம் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

மாலையில் அதே உறை அதே அறையில் மறுபடி பச்சையானது. கசிவே இல்லை. 24 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்கு ஏறினால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். 800 மில்லிபார் 827 ஆகும். வெயிலில் வைத்த பிளாஸ்டிக்கின் உள்ளே 34 டிகிரியோடு நிற்காது. கேமராவை அணைக்காமல் விட்டிருந்தால் அதன் சூடும் சேரும். ஆகவே 4 பிப்ரவரியன்று நான் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உறை நிழலில், ஈரத்துணி போர்த்தி இருக்கும்போது காட்டும் விளக்கைத்தான் நம்ப வேண்டும். இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. சூட்டில் மூடிய உறை குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளழுத்தம் தானாகக் குறையும். அப்போது மெதுவாகக் கசியும் காற்றை அந்தக் குறைவு மறைத்துவிடக்கூடும்.

2 மார்ச்

நண்பரின் உறையைக் கடன் வாங்கி, குளத்தில் பழகியபோது கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளிகளைப் பார்த்துப் பதறிப்போய் மேலே வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பதறியதில் தவறில்லை. ஆனால் அது கசிவாக இருக்க வேண்டியதில்லை. கடற்கரைக் காற்றில் மூடிய உறைக்குள் அந்த ஈரமும் சேர்ந்தே அடைபட்டுவிடுகிறது. வெளியே நீர் குளிர்ந்து, உள்ளே கேமரா சூடாகும்போது அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பனிக்கும். குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் மூடினால் பாதி தீர்ந்தது. மீதியைச் சிலிக்கா ஜெல் பார்த்துக்கொள்ளும்.

எது கசிவு, எது பனிப்பு என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. உறையைத் திறந்து, துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கடல், கரிக்காவிட்டால் பனி.

2 மார்ச், சற்றுப் பின்

நீங்கள் இறங்கியது குளம் என்பதை எழுதி முடித்தபின்தான் கவனித்தேன். குளத்துக்கு நாக்குச் சோதனை செல்லாது. குளோரின் வாடை வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துளி எங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள். பனிப்பு முன்கண்ணாடி முழுவதும் மெல்லிய திரையாகப் படியும். கசிந்த நீர் ஒரு புள்ளியில் தொடங்கி ஒரு கோடாக வழிந்து அடியில் தேங்கும்.

3 மார்ச்

நனைந்த கேமராவை அரிசி மூட்டைக்குள் வைத்தீர்களா என்று கேட்கத் தயங்கினேன். வைத்ததாக நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அரிசி ஈரத்தை ஏதோ கொஞ்சம் இழுக்கும், உப்பை இழுக்காது. ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. நீர் காய்ந்தபின் அது முழுவதும் மின்சுற்றின்மேல் படிந்து நிற்கும். அடுத்த முறை இப்படி நேர்ந்தால், நீருக்குள்ளேயே கேமராவை அணைத்துவிட்டு, போர்ட் (லென்ஸுக்கு முன்னுள்ள கண்ணாடி) கீழ்நோக்கி இருக்கும்படி உறையைப் பிடியுங்கள். நீர் கண்ணாடிப் பக்கம் தேங்கி, கேமராவின் உடலை எட்டுவது தாமதமாகும். அதற்காக விரைந்து மேலே வராதீர்கள். மேலே ஏறும் வழியில் உடலின் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நிற்க வேண்டிய மூன்று நிமிடத்தைக் கேமராவுக்காக விட்டுக்கொடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அவரோடு நான் மறுபடி இறங்கியதில்லை.

மேலே வந்ததும் உறையை முகத்துக்கு நேராக வைத்துத் திறக்காதீர்கள். உப்புநீரில் பேட்டரி வாயுவை வெளியிட்டு உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். பேட்டரியையும் அட்டையையும் கழற்றி, அந்தப் பேட்டரியை மறுபடி ஒருபோதும் சார்ஜில் போடாமல் தனியே ஒதுக்கிவிடுங்கள். கேமராவை நன்னீரில் அலசுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எப்படியும் இறந்துவிட்டதை அலசுவதில் இழப்பு ஒன்றும் இல்லை, உப்பைப் போக்க வேறு வழியும் இல்லை. நினைவட்டை பெரும்பாலும் பிழைத்துவிடும்.

17 மார்ச்

அலசும் தொட்டியைப் பற்றி ஜனவரியில் ஒரு சொல் மட்டும் சொல்லி நகர்ந்தேன். அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும். படகில் வைத்திருக்கும் நீலப் பீப்பாயில் நாலைந்து பேரின் உறைகள், விளக்குகள், சில சமயம் முகமூடிகள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கும். படகு ஆடும்போது ஒருவருடைய விளக்கின் கைப்பிடி மற்றவருடைய கொண்டியை நெம்பிவிடும். அங்கே உங்கள் கதவை இறுக்கிப் பிடிப்பதற்குக் கடலின் எடை இல்லை. நான் மேலே கணக்கிட்ட நாலரைக் கிலோ மட்டுமே இருக்கிறது. உறையை அமிழ்த்தி, ஒவ்வொரு பொத்தானையும் பத்துப் பதினைந்து முறை அழுத்தி, உடனே எடுத்துவிடுங்கள். அறைக்குத் திரும்பியபின் உங்கள் சொந்த வாளியில் அரை மணி நேரம் ஊறவிடலாம்.

ஊறவிடுவது எதற்கென்றால், ஒவ்வொரு பொத்தானின் தண்டைச் சுற்றியும் ஒரு குட்டி ஓ-ரிங் இருக்கிறது. அதை நாம் பார்ப்பதும் இல்லை, துடைப்பதும் இல்லை. கடல்நீர் அங்கே காய்ந்தால் உப்புப் படிகம் ஆகும். அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போது அந்தப் படிகம் ரப்பரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஆகவே கடலிலிருந்து வாளிக்குப் போகும் வரை உறை காயக் கூடாது. ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். இந்தக் குட்டி வளையங்களை நாமே கழற்றி மாற்றலாம் என்று நான் சிலகாலம் நம்பினேன். ஒரு பொத்தானின் சுருள்வில் கட்டிலுக்கடியில் பறந்துபோனதிலிருந்து ஆண்டுக்கொரு முறை பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அந்தமான் மணல் ஈக்களுக்காகப் பூசும் விரட்டி மருந்தைப் பற்றியும் ஒரு சொல். அதில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் இருந்தால் கையைக் கழுவாமல் பிளாஸ்டிக் உறையைத் தொடாதீர்கள். அது சிலவகைப் பிளாஸ்டிக்குகளை மங்கச் செய்து வெடிப்பு விடவைக்கும்.

31 மார்ச்

விமானத்தில் கொண்டுபோகும்போது உறையைப் பூட்டாதீர்கள். பயணிகள் அறையின் காற்றழுத்தம் 2,000 மீட்டர் உயரத்து மலையின் அழுத்தத்தை ஒட்டி இருக்கும். தரையில் மூடிய உறை அங்கே உள்ளிருந்து வெளியே தள்ளும், ஓ-ரிங் பழகியிராத திசையில். வளையத்தைக் கழற்றித் தனிப் பையில் போட்டு, கதவைச் சும்மா சாத்தி வைப்பதே என் வழக்கம்.

14 ஏப்ரல்

புத்தாண்டு அன்றும் இதைத்தான் எழுதுகிறேன். காலியான அந்தப் பழைய உறையை வீசிவிடப் போவதாக எழுதியிருந்தீர்கள். வீசாதீர்கள். கேமரா போன உறையே மிகச் சிறந்த சோதனைக்கூடம். இழப்பதற்கு அதில் இனி எதுவும் இல்லை.

நோட்டுத் தாளில் மைப்பேனாவால் நெருக்கமாகக் கோடுகள் கிழித்து, அந்தத் தாளை உறையின் உட்சுவர் ஓரமாக முழுச்சுற்று வரும்படி மடித்து வையுங்கள். பந்துமுனைப் பேனா பயன்படாது. நீரில் கரையும் மை வேண்டும். காலி உறை மிதக்கும் என்பதால் உள்ளே இரண்டு ஈயக் குண்டுகளைத் துணியில் சுற்றிப் போடுங்கள். மூடி, வாளி நீரில் ஒவ்வொரு பக்கமும் கீழாக வரும்படி பத்துப் பத்து நிமிடம் கிடத்துங்கள். ஒரு சொட்டு நுழைந்தாலும் மை எந்த இடத்தில் கலைந்திருக்கிறது என்பது வழியைக் காட்டிவிடும். அமிழ்த்தியவுடன் வெளியே ஒட்டியிருக்கும் குமிழிகளைக் கையால் துடைத்துவிடுங்கள். துடைத்தபின்பும் அதே இடத்தில் மறுபடி மறுபடி குமிழி முளைத்தால் காத்திருக்கவே வேண்டாம்.

28 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் சோதித்துப் பார்த்துப் படங்களும் அனுப்பியிருக்கிறார். கீல் பக்கமும் மேற்பக்கமும் மை அப்படியே இருக்கிறது. கொண்டிப் பக்கம் கீழாகக் கிடந்தபோது, கீழ்க்கொண்டிக்கு நேராக உள்ள மூலையில் மட்டும் நீலம் பூவாக விரிந்திருக்கிறது. வளையத்தைக் கழற்றித் துடைத்து மறுபடி மூடிச் செய்தபோதும் அதே மூலையில் அதே பூ. அப்படியானால் வளையமோ மயிரோ காரணம் அன்று. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்ததில், கீழ்க்கொண்டியின் ஊசி நுழையும் பிளாஸ்டிக் காதில் ஒரு மயிரிழை வெடிப்பு இருக்கிறது. நான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த மயிர் கடைசியில் பிளாஸ்டிக்கில் கிடைத்திருக்கிறது.

அந்த வெடிப்பு உறையின் சுவரைத் துளைத்துச் செல்லவில்லை. அதன் வழியாக நீரும் நுழையவில்லை. ஆனால் காது விரிந்து கொடுப்பதால், கொண்டி பூட்டியதுபோல் இருந்தாலும் அந்த மூலையில் கதவை அது இறுக்குவதில்லை. 24 மீட்டரில் என்றால் 360 கிலோ அந்த வேலையைச் செய்திருக்கும். 2 மீட்டரில் செய்ய ஆள் இல்லை. முதல் நாள் வெறும் கொண்டியின் தயவில் நீர்மட்டத்தை எப்படித் தாண்டினார் என்று கேட்டேன். முதல் நாள் முக்குளிப்பு முடிந்தபின் பீப்பாயில் அவருடைய உறைமேல் யாரோ ஒருவருடைய பெரிய விளக்கு விழுந்து கிடந்ததாக இப்போது நினைவுகூர்கிறார்.

29 ஏப்ரல்

12 ஜனவரி இரவு எழுதியதை மறுபடி படித்தேன். என் ஐயம் முழுவதும் பேட்டரி மாற்றிய அந்த நிமிடத்தின்மேல் இருந்தது. மயிர், மணல், நூல் என்று அடுக்கினேன். இரண்டு கொண்டிகளும் ஒரே அளவு விறைப்பாக இருந்தனவா என்ற ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கீழ்க்கொண்டி அன்று காலை கொஞ்சம் இலகுவாகப் பூட்டியது என்றும், கிரீஸ் நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

வேக்யூம் வால்வு பற்றி 4 பிப்ரவரியன்று எழுதியதற்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இந்தப் பழுதை வால்வு காட்டிக்கொடுத்திருக்காது. பம்ப் உறிஞ்சத் தொடங்கியதுமே கதவு உள்ளிழுக்கப்பட்டு அந்த மூலையும் இறுகியிருக்கும். விளக்கு பச்சையாகவே எரிந்திருக்கும். ஆனால் அதே இறுக்கத்தால் அவருடைய கேமராவும் நனைந்திருக்காது. காரணம் தெரியாமலே தப்பித்திருப்பார். இதில் எது மேல் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அவருக்கு ஐயமே இல்லை, கேமராதான் வேண்டுமாம்.

கொண்டியும் காதும் சேர்ந்த உதிரிப்பாகம் வந்து மாற்றியாயிற்று. அடுத்த வாரம் புதுச்சேரியில் முதல் இறக்கத்துக்கு உறையைக் காலியாக, மைத்தாளும் ஈயக்குண்டும் போட்டுக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். மைப்பேனாவைத் தான் கொண்டுவருவதாக என் மாமா சொல்கிறார்.